உறுதி எழுதும் முன்: நயினாதீவில் தேசவழமையும் முதுமைப் பராமரிப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறிச் சேர வேண்டிய நயினாதீவில், வளவு யாருக்கு என்ற கேள்வியும் வயதான தாய் தகப்பனை யார் பார்ப்பது என்ற கேள்வியும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ ஒரே கேள்வியாகவே இருந்தன. வளவைப் பெற்றவரே அந்த வளவில் குடியிருந்தார் என்பதும், அங்கே குடியிருந்தவரே முதியவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்பதும் எவரும் எழுதி வைக்காமலே நடந்துவந்த ஒழுங்குகள். இன்று காணியைப் பெறும் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்க, முதியவரைப் பார்ப்பவர் தீவில் எஞ்சியிருக்கும் ஒரு சகோதரியாகவோ பெறாமகளாகவோ அயலவராகவோ ஆகிவிட்ட நிலையில், அந்த இரு கேள்விகளும் பிரிந்துபோயுள்ளன. சட்டமோ அவற்றுள் முதலாவதற்கு மட்டுமே தானாக விடை சொல்கிறது. இரண்டாவதற்குரிய விடையைக் குடும்பமே தேடி, பேசி, எழுத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. பங்கீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் பராமரிப்பைப் பற்றிப் பேசி முடிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வட மாகாணத் தமிழரின் சொத்துரிமையை ஆள்வது தேசவழமை. வாய்மொழி வழக்கமாக இருந்த இது, ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சைமன்சின் பணிப்பின் பேரில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியால் 1707ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டு, தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களால் பார்வையிடப்பட்டு ஏற்கப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்டவலு அளித்தனர். அத்தொகுப்பு குடும்பச் சொத்தை மூன்றாக வகுத்தது. முன்னோரிடமிருந்து இறங்கிவரும் சொத்து முதுசம் எனவும், பெண் திருமணத்தின்போது கொண்டுவருவது சீதனம் எனவும், கணவனும் மனைவியும் கூடிவாழும் காலத்தில் ஈட்டுவது தேடியதேட்டம் எனவும் பெயர்பெற்றன. பழைய முறைப்படி தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் சென்றன. ஆயினும் போர்த்துக்கேயர் வருகைக்குப் பிறகு எல்லா வகைச் சொத்திலிருந்தும் கலந்து சீதனம் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டதாக ஐசாக்ஸ் காலத்திலேயே பதிவாகியிருப்பது, இந்த வழமை என்றுமே கல்லில் பொறித்ததாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

அத்தொகுப்பில் இன்றைய வாசகர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பெற்றோர் உயிரோடிருக்கும் வரை ஆண்பிள்ளைகள் எந்தப் பங்கையும் கோர முடியாது என்பதோடு, மணமாகாதிருந்த காலத்தில் அவர்கள் உழைத்துச் சேர்த்ததையும் பொதுச் சொத்தில் கொண்டுவந்து சேர்க்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் அது கூறியது. சொத்தின் கட்டுப்பாடு கடைசி மூச்சு வரை முதியவர் கையில் இருந்தது. அதனால் அவரைக் கவனிக்கும் கடமையும் அந்தக் கட்டுப்பாட்டோடு ஒட்டியே வந்தது. பெண்பிள்ளைகளின் வழி வேறாக இருந்தது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதப்பட்டு மருமகன் அங்கே வந்து குடியேறுவது நயினாதீவு உள்ளிட்ட தீவகத்தில் இன்றும் பரவலான வழக்கம் ஆகையால், முதியவர்கள் பெரும்பாலும் ஒரு மகளின் அடுப்படியிலேயே தம் இறுதிக் காலத்தைக் கழித்தனர். பெற்றோர் குடியிருந்த வீடு கடைசி மகளுக்கு ஒதுக்கப்படுவதன் பின்னிருந்த கணக்கும் அதுவே.

இந்த ஏற்பாட்டின் அடித்தளம் அருகாமை. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திய காலத்திலும் தீவக ஆண்கள் திருவிழாவுக்கும் நன்மை தின்மைக்கும் ஊர் திரும்பியதால் அந்த அருகாமை முற்றாக அறுந்துவிடவில்லை. 1983இன் வன்முறையும் அதைத் தொடர்ந்த போரும் 1990களின் இடப்பெயர்வுகளும் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளை நோக்கிய பெயர்வும்தான் அதை அறுத்தன. கடமையைச் சுமந்துநின்ற வழமை தளர்ந்துபோக, உரிமையை வகுக்கும் சட்டம் மட்டும் அப்படியே நின்றது.

எதுவும் எழுதாமல் ஒருவர் இறந்தால் என்ன நடக்கும் என்பதை ஊரில் பலர் தவறாகவே விளங்கிவைத்திருக்கிறார்கள். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதைத் திருத்திய 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டமும் இன்று நடைமுறையில் உள்ளவை. அவற்றின்படி, இறந்தவரின் தேடியதேட்டத்தில் அவர் வேறுவிதமாக எழுதிவைக்காத பகுதியின் அரைவாசி உயிரோடிருக்கும் துணைக்கும், மற்ற அரைவாசி பிள்ளைகள் முதலான வாரிசுகளுக்கும் செல்லும். முதுசமோ நேராகப் பிள்ளைகளுக்கே இறங்கும். பிள்ளைகள் இருக்கையில் கைம்பெண்ணுக்கு அதில் பங்கு இல்லை. கணவனின் தகப்பன் வழி வந்த வளவில் ஐம்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தி, அங்கேயே கிணறு இறைத்துப் பனையும் தென்னையும் வளர்த்த ஒரு பெண், கணவன் கண்மூடிய நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் தன் பிள்ளைகளின் காணியில் இருப்பவர் ஆகிவிடுகிறார் என்பதே இதன் பொருள். பிள்ளைகள் நல்லவர்கள் என்பதால் பெரும்பாலும் இது வெளியே தெரிவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுள் ஒருவர் இறந்து, அவருடைய பங்கு வேறொரு நாட்டில் வாழும் பேரப்பிள்ளைகளுக்குச் சேர்ந்து, அவர்கள் விற்க விரும்பும்போது அந்தத் தாய்க்குத் தன் கூரையின் கீழ் இருப்பதற்குச் சொல்லக்கூடிய சட்ட ஆதாரம் மிகக் குறைவு. இந்த நிலையை நீக்க ஓர் எழுத்தே போதும் என்றிருக்க, அது எழுதப்படாமல் விடப்படுவது வருத்தத்துக்குரியது.

எழுதாமல் விடுவதன் இன்னொரு விளைவு காணி சிதறுவது. யாழ்ப்பாணக் கணக்கில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். பன்னிரண்டு பரப்பு வளவொன்றை ஆறு பிள்ளைகளுக்கு விட்டு ஒருவர் இறந்தால் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒரு பங்கு. அவர்களுள் ஒருவர் நான்கு பிள்ளைகளோடு இறந்தால் அவர்களுக்கு இருபத்துநான்கில் ஒவ்வொரு பங்கு. அந்நால்வரில் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள் எனில் அவர்களுள் ஒருவருக்கு எழுபத்திரண்டில் ஒன்று, அதாவது இரண்டு பேர்ச்சுக்கும் குறைவான, எல்லை குறிக்கப்படாத பங்கு. இவ்வாறு பிரிக்கப்படாமல் பலருக்கும் பொதுவாகக் கிடக்கும் காணியில் எவரும் தனக்குரிய துண்டு இதுதான் என்று காட்ட இயலாது. வீடு கட்டக் கடன் பெற இயலாது. நன்னீர்க் கிணறு அருமையாக உள்ள தீவில் கிணற்றுப் பங்கும் வழிப் பாதையும் தனித் தகராறுகளாகக் கிளைக்கின்றன. எல்லாரும் உடன்பட்டால் பாகப் பிரிவு உறுதி ஒன்றினால் தீர்த்துக்கொள்ளலாம். உடன்படாவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட வேண்டும். ஐந்து நாடுகளில் சிதறிக் கிடக்கும் பங்காளிகளைத் தேடி அழைப்பாணை சேர்ப்பதிலேயே அத்தகைய வழக்குகளில் ஆண்டுகள் கழிகின்றன.

ஊரில் இருப்பவர் நெடுங்காலம் ஆண்டுவந்தால் காணி அவருக்கே ஆகிவிடும் என்ற அச்சம் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் அடிக்கடி எழுகிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் பத்து ஆண்டுகள் எதிருரிமையோடு, அதாவது உரிமையாளரின் உரிமையை மறுத்து ஆண்டவருக்கு உரித்து அளிப்பது உண்மையே. ஆனால் ஒரு பங்காளி ஆள்வது எல்லாப் பங்காளிகளுக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும் என்றும், மற்றவர்களை வெளிப்படையாக விலக்கியதை நிறுவினால் அன்றி ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது என்றும் 1911இலேயே இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்திருக்கிறது. போரினால் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காது விடும் சிறப்பு ஏற்பாட்டை 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பயனைப் பெறும் காலவரம்பு கடந்துவிட்டமையால் இனி எழும் வழக்குகள் பொது விதியையே நம்ப வேண்டும். ஆகவே தாயைப் பார்த்துக்கொண்டு வளவில் இருக்கும் ஓர் உறவினரைக் காணி பறிப்பவராகச் சந்தேகிப்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் மிகக் குறைவு. அந்தச் சந்தேகத்தால் பராமரிப்பவரை இழந்த முதியவருக்கு ஏற்படும் கேடோ பெரிது.

எழுத்தில் வைப்பதற்கான வழிகளுள் தீவகத்தில் மிகப் பழக்கமானது நன்கொடை உறுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி தொடர்பான எந்தக் கைமாற்றமும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் கைச்சாத்திடப்பட வேண்டும். நன்கொடையாயின் பெறுபவர் அல்லது அவர் சார்பில் ஒருவர் அதை ஏற்றுக்கொள்வதும் இன்றியமையாதது. கையெழுத்திட்டு ஏற்கப்பட்ட நன்கொடையைக் கொடுத்தவர் விரும்பியபடி மீளப்பெற முடியாது. பெறுபவர் கடும் நன்றிகேடு இழைத்தால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு அதை நிறுவிய பின்னரே உறுதியை இரத்துச் செய்விக்கலாம். எண்பது வயதில் படகும் பேருந்தும் ஏறி நீதிமன்றம் போய்த் தன் பிள்ளையின் நன்றிகேட்டை நிறுவ வேண்டிய நிலைக்கு ஒருவர் தள்ளப்படுவதே அவருக்குக் கிடைக்கும் முதல் தண்டனை. இந்தியாவின் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பார்த்துக்கொள்வதாகக் கூறிச் சொத்தைப் பெற்றுக் கைவிட்டவர்களின் பத்திரத்தைத் தீர்ப்பாயம் ஒன்றே செல்லாததாக்க இடமளிக்கிறது. அதற்கும் பத்திரத்தில் நிபந்தனை இருக்க வேண்டும் என்ற வாதம் அங்கே நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது.

இந்த ஆபத்துக்குத் தீவகத்து உறுதிகளில் நெடுங்காலமாகவே ஒரு மாற்று உண்டு. அது சீவிய உரித்து. காணியின் உரித்தைப் பிள்ளைக்கு இன்றே கொடுத்துவிட்டு, அதில் குடியிருக்கவும் அதன் பயனை எடுக்கவும் உள்ள உரிமையைக் கொடுப்பவர் தம் ஆயுள் முடியும் வரை தமக்கே ஒதுக்கிக்கொள்வதை இது குறிக்கும். ஆனால் இந்த ஒதுக்கீடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தகப்பன் தன் முதுசக் காணியைத் தனக்கு மட்டும் சீவிய உரித்து வைத்து மகனுக்கு எழுதினால், தகப்பன் இறந்ததும் தாய்க்கு எதுவும் எஞ்சாது. ஆகையால் இருவருக்குமாக, இருவரில் பின்னர் இறப்பவரின் ஆயுள் வரை என்று அது எழுதப்பட வேண்டும். தாயின் சீதன வீடு மகளுக்குக் கொடுக்கப்படும்போது தகப்பனின் சீவிய உரித்தை விட்டுவிடுவதும் இதே தவறின் மறுபக்கம். அந்த உறுதிக்குத் தகப்பனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக்கூடக் கணவனின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நூறாண்டு கடந்தும் அந்த விதி நீடிப்பது நியாயமன்று. கணவன் மறுத்தாலோ தொடர்பின்றிப் போய்விட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டியிருப்பது, வாழ்நாள் முழுவதும் தனியாகக் குடும்பம் சுமந்த பெண்ணுக்கு இன்னொரு சுமையாகிறது.

மரண சாசனத்துக்கு அந்தச் சம்மதம் வேண்டியதில்லை. ஒருவர் இறந்த பின்னரே நடைமுறைக்கு வரும் இந்த ஆவணத்தை நொத்தாரிசினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையிலோ, நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் முன்னிலையிலோ எழுதலாம். எழுதியவர் உயிரோடிருக்கும் வரை எத்தனை தடவையும் மாற்றலாம். அதுவே அதன் பெரும் பலம்: சொத்து கைவிட்டுப் போகவில்லை, மனம் மாறவும் இடமிருக்கிறது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் முதல் இலங்கையில் சாசனம் எழுதுபவருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. பிரான்சில் உள்ளதுபோல், ஒரு பிள்ளை இருந்தால் அரைவாசி, இரு பிள்ளைகள் இருந்தால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் இருந்தால் நான்கில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. பாரிசில் வளர்ந்த பிள்ளைகள் தமக்கு மாறாத பங்கு இருப்பதாக எண்ணிக்கொள்வதும், பெற்றோர் அதைத் திருத்தாமல் விடுவதும் பின்னாளில் மனக்கசப்புக்கு வித்தாகின்றன. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உரியது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ பின்னர் எழுதும் சாசனத்தில், முன்னைய எல்லாச் சாசனங்களையும் இரத்துச் செய்வதாக வழக்கமாகச் சேர்க்கப்படும் வாசகம், நயினாதீவுக் காணிக்கென யாழ்ப்பாணத்தில் எழுதிய சாசனத்தையும் அறியாமலே அழித்துவிடக்கூடும். அங்குள்ள சட்டத்தரணியிடம் இலங்கைச் சாசனம் ஒன்று இருப்பதைச் சொல்லி, அதை விலக்கி எழுதச் செய்வது அவசியம்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்குக் காணி கொடுக்கவே முடியாது என்ற பேச்சு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிக் கைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் பரவியது. அச்சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுத்தாலும், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும், வழியுரிமையாலோ நன்கொடையாலோ சாசனத்தாலோ நெருங்கிய உறவினராகப் பெறுபவர்களுக்கும் விலக்களிக்கிறது. விற்பனை என்று வரும்போது தேசவழமையின் முன்கொள்வனவு உரிமையும் குறுக்கிடும்: 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, விற்க எண்ணுபவர் பங்காளிகளுக்கும் தம் வாரிசுகளாகக்கூடியவர்களுக்கும் முதலில் அறிவித்து, வாங்கும் வாய்ப்பை அவர்களுக்கு அளிக்க வேண்டும்.

பராமரிப்பின் நடைமுறைப் பக்கம் உறுதிகளில் இடம்பெறுவதில்லை. ஆனால் தீவின் முதியவருக்கு அதுவே அன்றாடம். நயினாதீவில் பிரதேச வைத்தியசாலை ஒன்று இருந்தபோதிலும், கடுமையான நோய்க்குப் படகில் குறிகட்டுவானுக்கும் அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் செல்ல வேண்டும். இருட்டிய பின் வழமையான படகுச் சேவை இல்லை, கடல் கொந்தளிக்கும் நாட்களில் பகலிலும் பயணம் கடினம். ஆகவே இரவில் படகு ஒழுங்கு செய்வது யார், வைத்தியசாலையில் கூட நிற்பது யார், சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் இடுவது யார், பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பவை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியவை. ஒரு பிள்ளை பணம் அனுப்ப, மற்றொரு பிள்ளை நேரத்தைக் கொடுக்கும் குடும்பங்களில் இரண்டையும் ஒரே தராசில் வைத்து மதிப்பிட்டு, பங்கீட்டில் அதைக் காட்டுவது நியாயமானது. வங்கிக் கணக்குக்கு நியமனதாரர் ஒருவரின் பெயரைக் கொடுத்திருந்தால் இறப்புக்குப் பின் அந்தப் பணம் சாசனத்துக்குப் புறம்பாக அவர் கைக்கே செல்லும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் அற்றோணித் தத்துவம் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஒருவர் தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் அளிக்கும் இந்த ஆவணம், அளித்தவர் இறந்தவுடன் வலுவிழந்துவிடும். அவர் அறிவு தெளிவற்ற நிலைக்குச் சென்றாலும் அதை நம்பியிருக்க முடியாது. இங்கிலாந்திலும் கனடாவின் மாகாணங்களிலும் மறதிநோய் வந்த பின்னும் நீடிக்கும் வகையில் அத்தகைய அதிகாரத்தை எழுத முடியும்; அங்கு வாழும் பிள்ளைகள் இலங்கையிலும் அவ்வாறே என்று கருதிவிடுகிறார்கள். இங்கே அந்த நிலையில் மாவட்ட நீதிமன்றம் விசாரித்து ஒரு முகாமையாளரை நியமிக்க வேண்டும். எனவே சாசனமும் சீவிய உரித்தும் அறிவு தெளிவாக இருக்கும்போதே எழுதப்பட வேண்டியவை. வயது மிக முதிர்ந்தவராயின், அந்நாளில் அவரைப் பரிசோதித்த வைத்தியரின் குறிப்பொன்றையும் பெற்றுவைப்பது பின்னாள் வழக்கிலிருந்து காப்பாற்றும்.

அறுபது வயதைக் கடந்தவர்களுக்காக 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் பராமரிப்புக் கடமையைச் சட்டமாக்கி, தம்மைத் தாமே பேண முடியாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட வழிசெய்தது. பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்திருக்கையில் அந்தச் சபையின் கட்டளையை நிறைவேற்றுவது கடினம் எனினும், தன் தேவையைக் கேட்பது பிச்சையன்று, உரிமை என்பதை ஒரு முதியவர் அறிந்துகொள்வதே பெரிய பயன். வேலணைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை அலுவலரிடம் இதுபற்றி விசாரிக்கலாம். எவருமற்றவர்களுக்குக் கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு. ஆனால் நாகபூசணி அம்மன் கோவில் மணியோசை கேட்டு விழித்துப் பழகியவர்கள் தீவை விட்டுப் போக இலகுவில் உடன்படுவதில்லை. பிள்ளைகளற்ற சிலர் தம் காணியைக் கோவிலுக்கோ அன்னதானத்துக்கோ தருமசாதன உறுதியால் எழுதிவைப்பது பழைய மரபு. அவர்களும் தம் சீவிய உரித்தை ஒதுக்கிய பின்னரே அதைச் செய்தல் நலம்.

வழமையும் சட்டமும் ஒருசேரக் காணத் தவறும் ஒருவர் இன்னும் எஞ்சியிருக்கிறார். எழுதாமல் இறந்தவரின் சொத்தில், பிள்ளைகள் இருக்கும்போது, கடைசிப் பத்தாண்டுகளாக அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, படகேற்றி இறக்கிய பெறாமகளுக்கோ மணமாகாத சகோதரிக்கோ ஒரு குழிக் காணியும் இல்லை. சாசனத்தின் மூலம் வளவில் ஒரு பரப்பையோ, அந்த வீட்டில் அவர் ஆயுள் வரை குடியிருக்கும் உரித்தையோ அவருக்கு எழுதலாம்; வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது இழப்பாக இராது, அவருக்கோ அதுவே கூரை. அவ்வாறு எழுதும் நாளில் வீட்டில் கைக்கெட்டியவராக அவரே இருப்பார் என்பதால், சாட்சிக் கையொப்பம் இட அவரையே அழைப்பது இயல்பாகத் தோன்றும். சாசனத்தால் பயன்பெறுபவர் அதற்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டால் அவருக்கு எழுதியது கேள்விக்குள்ளாகும் ஆகையால், அன்றைக்கு அயல் வீட்டிலிருந்து இரண்டு பேரை வரவழைக்க வேண்டும்.